எந்த டிகிரி படித்தால் ரோபோ வரும்?

பிளஸ் டூ மாணவி, பாளையங்கோட்டை
கேள்வி: ரோபோ ஆராய்ச்சியாளராக ஆசை. மெக்கானிக்கலா, கம்ப்யூட்டர் சயின்ஸா, இசிஇயா? வீட்டில் ஆளுக்கொரு கட்சி.

பதில்: நாலாவதாக சிவிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜ் ரெட்டி நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தது சிவில் இன்ஜினீயரிங். 1958இல் பட்டம். அங்கிருந்து ஆஸ்திரேலியா, பிறகு ஸ்டான்ஃபோர்டு. 1979இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ரோபோடிக்ஸுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அவர்தான். 1994இல் டியூரிங் விருதும் வாங்கினார். வீடு பெருக்கும் ரூம்பாவைக் கொண்டுவந்த ஐரோபாட் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான ராட்னி புரூக்ஸ், அடிலெய்டில் படித்தது தூய கணிதம். நீந்தவும் நடக்கவும் தெரிந்த சாலமாண்டர் ரோபோவை 2007இல் காட்டிய ஔக்கே ஐஸ்பெயர்ட் இயற்பியல்காரர்.

அதற்காக எதைப் படித்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு, புரோகிராமிங் மூன்றும் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் வேண்டும். மெக்கானிக்கல் எடுத்தால் புரோகிராமிங்கை நீங்களே தேடிப் படிக்க வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் உராய்வும் டார்க்கும் என்னவென்று கையில் ஸ்பேனர் பிடித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். கஷ்டமான கணக்கு வரும்போதும் எந்தப் பாடப் புத்தகத்தை மூடிவைக்க மனசு வராதோ, அந்தப் பிரிவை எடுங்கள்.

ஒரு தகப்பனார், ஈரோடு
கேள்வி: ‘ரோபோடிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன்’ என்றே தனி பி.இ. வந்துவிட்டதே. அதில் சேர்த்துவிட்டால் கவலை விட்டதுதானே?

பதில்: போர்டில் உள்ள பெயரை விடுங்கள், லேபைப் பாருங்கள். கல்லூரி பார்க்கப் போகிற அன்றைக்கு ரோபோ லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரோபோக் கை மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, உறை மேல் தூசி படிந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். மேசையெல்லாம் வயர், கழற்றிப் போட்ட மோட்டார், பாதியில் நிற்கும் 3டி பிரின்ட், அதைச் சுற்றி நாலு பசங்க சாப்பிடப் போகாமல் வாதம் செய்துகொண்டிருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். சிலபஸில் கினிமேடிக்ஸ், டைனமிக்ஸ், கன்ட்ரோல் மூன்றையும் கணக்கோடு நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள். பிஎல்சி என்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவியை இயக்குவதோடு நிறுத்தினால் அது தொழிற்சாலை வேலைக்கான படிப்பு. நல்ல படிப்புதான், ஆனால் ஆராய்ச்சிக்குப் போகும் வழி அது அல்ல.

விலங்கியல் இளங்கலை மாணவர், நாகர்கோவில்
கேள்வி: நான் பூச்சிகளைப் பார்க்கிறவன். ரோபோ உலகத்தில் எனக்கு என்ன வேலை?

பதில்: உங்களுக்குத்தான் முன்வரிசையில் இடம். பெர்க்லியில் ராபர்ட் ஃபுல் என்ற உயிரியல் பேராசிரியர் இருக்கிறார். ஓடும் உயிரினங்களின் கால்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருபவர். அவரிடம் ஒரு மாணவர் வந்தார்: கௌசிக் ஜெயராம். ஐஐடி பம்பாயில் மெக்கானிக்கல் படித்துவிட்டு பிஎச்.டி.க்கு உயிரியல் துறையில் சேர்ந்தவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி நம் ஊர் அம்மாக்கள் எல்லோரும் கேட்டது: கதவிடுக்கில் கரப்பான் எப்படி நுழைகிறது?

நாம் கேட்டுவிட்டுத் துடைப்பத்தைத் தேடினோம், அவர் அளந்து பார்த்தார். சாதாரணமாக ஓடும்போது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று அதிக உயரத்தில் நிற்கும் கரப்பான், 3 மில்லிமீட்டர் இடுக்கில் ஒரு நொடிக்குள் நுழைந்து வெளியேறிவிடுகிறது. உடம்பை அமுக்கிக்கொண்டு, கால்களைப் பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு, காலின் நுனியால் அல்லாமல் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியால் தரையை உந்தித் தள்ளுகிறது. தன் எடையைப் போல 900 மடங்கு அழுத்தம் கொடுத்தாலும் அதற்குக் காயமில்லை. இந்த அளவீடுகளிலிருந்து, தன் உயரத்தில் பாதியாக அமுங்கி ஊர்ந்து போகும் உள்ளங்கை அகல ரோபோவைச் செய்தார்கள். ஆய்வுக் கட்டுரை 2016இல் வெளிவந்தது. இடிந்த கட்டட இடிபாடுகளுக்குள் அப்படி ஒன்றை அனுப்பி உயிரோடு இருப்பவர்களைத் தேடலாம் என்பதுதான் கனவு.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த ஆராய்ச்சியின் முதல் பாதி சுத்தமான உயிரியல். பூச்சியைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் இரண்டாம் பாதியே கிடையாது. பூச்சியை விடாதீர்கள். பக்கத்தில் பைத்தானும் கொஞ்சம் மெக்கானிக்ஸும் படியுங்கள்.

இல்லத்தரசி, கும்பகோணம்
கேள்வி: துணி மடிக்க ஒரு ரோபோ கண்டுபிடிக்க மாட்டார்களா?

பதில்: 2010இலேயே பெர்க்லியில் மடித்துக் காட்டினார்கள். பீட்டர் அபீல் என்ற இளம் பேராசிரியரின் குழு. குவியலாகக் கிடந்த துண்டுகளை ரோபோ ஒவ்வொன்றாக எடுத்து, தூக்கி, கேமரா முன் சுற்றிப் பார்த்து, மூலையைக் கண்டுபிடித்து, அழகாக மடித்து அடுக்கியது. ஒரு துண்டுக்கு ஆன நேரம் 20 நிமிடத்துக்கு மேல். அந்த வீடியோவை 50 மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் காட்டினார்கள்.

சிரிக்க வேண்டாம், அது பெரிய சாதனை. டம்ளருக்கு ஒரே வடிவம். துணிக்கு நிலையான வடிவமே இல்லை, ஒவ்வொரு முறை போடும்போதும் புதிதாகக் கசங்கும். கசங்கிய துணியில் மூலை எங்கே என்று உங்கள் விரல் யோசிக்காமல் கண்டுபிடிக்கிறதே, அந்த அறிவைத்தான் இன்றைக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பொறியியல் மூன்றாம் ஆண்டு, கோவை
கேள்வி: ரோபோ இறால் வதக்கும் வீடியோ பார்த்தேன். எல்லாம் முடிந்துவிட்டதே. நான் பிஎச்.டி. சேர்ந்து எதை ஆராய்வது?

பதில்: முன் பதிலில் வந்த அபீலிடம் பிஎச்.டி. செய்தவர்களில் ஒருவர் செல்சி ஃபின். 2018இல் முடித்தார், அந்த ஆண்டின் சிறந்த ஆய்வேட்டுக்கான ஏசிஎம் விருது அவருக்குத்தான். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானார். அவருடைய மாணவர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்டதுதான் நீங்கள் பார்த்த மொபைல் அலோஹா. துண்டு மடித்த குழுவிலிருந்து இறால் வதக்கிய குழுவுக்கு ஒரே ஒரு தலைமுறை இடைவெளி. இந்தத் துறை எவ்வளவு இளையது என்று அதிலேயே தெரிகிறது.

இனி வீடியோவுக்கு வருவோம். ரோபோ வீடியோவை நாலு கேள்வியோடு பாருங்கள். ரோபோ தானாகச் செய்கிறதா, பின்னால் ஒருவர் இயக்குகிறாரா? ஓட்டும் வேகம் எத்தனை மடங்கு? பத்து முறை செய்தால் எத்தனை முறை சரியாக வருகிறது? சமையலறையை மாற்றினால் என்ன ஆகும்? மொபைல் அலோஹா மாணவர்கள் இவற்றில் ஒன்றையும் மறைக்கவில்லை. சில வேலைகளை அது தானாகச் செய்தது, மற்றவை மனிதர் இயக்கியவை என்று அவர்களே சொன்னார்கள். ரோபோ சொதப்பிய காட்சிகளையும் சேர்த்தே வெளியிட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் மனிதர் சுமார் 50 முறை செய்து காட்டிப் பழக்கியிருந்தார்கள். இந்த நேர்மைக்காகவே எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடிக்கும்.

ஆக, மிச்சம் நிறைய இருக்கிறது. தொடு உணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எம்ஐடியில் எட்வர்ட் ஏடெல்சன் பார்வையை ஆராய்ந்தவர். சதுரங்கப் பலகையில் ஒரே நிறக் கட்டங்கள் இரண்டு வேறு வேறு நிறமாகத் தெரியும் அந்தப் புகழ்பெற்ற கண்மாயப் படம் அவருடையது. அவர் பிற்பாடு தொடு உணர்வுக்கு வந்தார். மெத்தென்ற ஜெல், அதற்குப் பின்னால் ஒரு குட்டி கேமரா. ஜெல்லில் எது அழுந்தினாலும் அதன் மேடுபள்ளத்தைக் கேமரா படம் பிடித்துவிடும். ஜெல்சைட் என்று பெயர். ஆனாலும் சோப்பு நுரையோடு இருக்கும் எவர்சில்வர் டம்ளர் நழுவப்போகிறது என்று உணர்ந்து பிடியை மாற்றுவதில் எந்த ரோபோ விரலும் நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஈடாக இன்னும் வரவில்லை. சேருங்கள் தம்பி, வேலை காத்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், விருதுநகர்
கேள்வி: எந்திரன் படத்தில் டாக்டர் வசீகரன் செய்ததுபோல ஒரே ஆள் ரோபோ செய்ய முடியுமா?

பதில்: அவருக்கே இரண்டு உதவியாளர்கள் இருந்தார்களே! நிஜத்திலும் அப்படித்தான். ஹார்வர்டில் ராபர்ட் வுட் குழு செய்த ரோபோபீ என்ற பறக்கும் பூச்சி ரோபோ வெறும் 80 மில்லிகிராம். 2007இல் ராபர்ட் வுட்டின் பூச்சி ரோபோ வழிகாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்பியது. நினைத்தபடி கட்டுப்பாட்டோடு பறந்தது 2013இல்தான். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் முதலில் வரும் பெயர்கள் பிஎச்.டி. மாணவர்களுடையவை. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சியைப் பறக்கவைக்க அத்தனை ஆண்டும் அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள்.

ஒரு தாய், மதுரை
கேள்வி: மகள் பி.டெக். முடிக்கப்போகிறாள். பிஎச்.டி. என்கிறாள். எத்தனை வருஷம் ஆகும், யார் பணம் கட்டுவது, வயசு போய்விடாதா?

பதில்: அம்மா, பணத்தை முதலில் பேசிவிடுவோம். நல்ல பிஎச்.டி.க்கு நீங்கள் பணம் கட்ட மாட்டீர்கள், அவளுக்குத்தான் கொடுப்பார்கள். அமெரிக்காவில் பி.டெக். முடித்த கையோடு சேரலாம். ஐந்தாறு வருஷம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள், அதற்குப்பின் மூன்று, நான்கு வருஷம். ஜெர்மனி போன்ற நாடுகளில் அது சம்பளத்தோடு கூடிய வேலை. நம் நாட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகையான பிஎம்ஆர்எஃப் கிடைத்தால் 70,000இல் தொடங்கும். சொந்தப் பணம் லட்சக்கணக்கில் கட்டி பிஎச்.டி. சேரச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

வயசு எங்கேயும் போகாது அம்மா. ஆனால் ஐந்து வருஷம் ஒரு கேள்வியோடு குடியிருப்பது லேசான காரியம் இல்லை. உங்கள் மகளுக்கு வேண்டியது, வாரம் ஒருமுறை போனில் “எப்ப முடியும்?” என்று கேட்காத ஒரு வீடு. “இன்னைக்கு ரோபோ என்ன பண்ணுச்சு?” என்று கேளுங்கள். அரைமணி நேரம் பேசுவாள்.

பள்ளி ஆசிரியை, சேலம்
கேள்வி: இளம் ரோபோ ஆராய்ச்சியாளரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? என் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பதில்: சினிமாவில் வருகிற நீல வெளிச்சத்தைப் பிள்ளைகளின் மனசிலிருந்து முதலில் அணையுங்கள். காலையில் லேபுக்கு வந்ததும் ரோபோ நேற்றைப் போல ஓடாது. ஏன் என்று தேட வேண்டும். யுஎஸ்பி வயர் லேசாக ஆடியிருக்கும். கேமரா ஸ்டாண்டை யாரோ இடித்திருப்பார்கள், அது ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும். அவ்வளவுதான், கை பாட்டிலைப் பிடிப்பதற்குப் பதில் பாட்டிலுக்குப் பக்கத்துக் காற்றைப் பிடிக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையைக் கேமரா முன் இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டி மறுபடி காலிபரேட் செய்வார்கள். மதியம் பரிசோதனை. ஒரு கையில் நோட்டு, மறு கையில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன். ரோபோ தப்பாகத் திரும்பினால் ஒரே அமுக்கு. ஐம்பது தடவை அதே பாட்டில், அதே மேசை, எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று குறித்துக்கொள்வார்கள். நாற்பதாவது தடவையில் மோட்டார் சூடாகிவிடும், அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இந்தப் பிள்ளைகளைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு வரவில்லையே என்று வருத்தப்படக் கூடாது. துறையின் பெரிய மாநாடான இக்ராவுக்குக் கட்டுரை அனுப்பும் கெடு செப்டம்பர் மாதத்தில் வரும்.

உங்கள் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஹான்ஸ் மொரவெக் மாணவராக இருந்தபோது 1979இல் அவருடைய ஸ்டான்ஃபோர்டு ரோபோ வண்டி, நாற்காலிகள் போட்ட ஓர் அறையை யாரும் தொடாமல் கடந்தது. ஒரு மீட்டர் நகரும், நிற்கும், பத்துப் பதினைந்து நிமிடம் கணக்குப் போடும், மறுபடி நகரும். 20 மீட்டர் தூரத்துக்கு ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஒரு மாணவர் இருந்தார் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

விஸ்காம் மாணவி, காரைக்குடி
கேள்வி: எனக்கு அனிமேஷன் வரும், கணக்கு பயம். உள்ளே விடுவார்களா?

பதில்: கை ஹாஃப்மன் நியூயார்க்கின் பார்சன்ஸ் கல்லூரியில் அனிமேஷன் படித்தார். பிறகு எம்ஐடி மீடியா லேபில் பிஎச்.டி. செய்யும்போது ஒரு மேசை விளக்கை ரோபோவாக்கினார். முகம் இல்லை, கண் இல்லை. ஆனால் அது திரும்புகிற விதத்தில், தயங்குகிற விதத்தில் ஒரு ஆள் தெரியும். அசைவின் நேரக்கணக்கு அனிமேஷன்காரர்களுக்குக் கைவந்த விஷயம், அதை அவர் ரோபோவுக்குக் கொண்டுபோனார். பின்னால் மரிம்பா வாசிக்கும் ஷிமோன் ரோபோவிலும் வேலை செய்தார்.

ஆனால் முழு விவரத்தையும் சொல்ல வேண்டும். அவரிடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுகலையும் இருந்தது. கணக்குப் பயத்தோடு உள்ளே வரலாம், பயத்தை வைத்துக்கொண்டே அங்கே இருக்க முடியாது. ஒரு பேப்பரில் புள்ளி வைத்து, அதை 30 டிகிரி திருப்பினால் எங்கே போகும் என்று மேட்ரிக்ஸ் போட்டுப் பாருங்கள். நீங்கள் தினமும் மென்பொருளில் செய்வது அதுதான்.

கல்லூரி மாணவர், சிதம்பரம்
கேள்வி: ரோபோவுக்குக் காதல் வருமா?

பதில்: மனிதருக்கு ரோபோ மேல் பாசம் வருகிறது, அது நிரூபணமான செய்தி. சிந்தியா பிரேசீல் எம்ஐடியில் ராட்னி புரூக்ஸிடம் பிஎச்.டி. செய்தபோது உருவாக்கியது கிஸ்மெட். பெரிய கண், புருவம், காது, உதடு உள்ள ஒரு தலை மட்டும். நாம் பேசும் சொற்கள் அதற்குப் புரியாது, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் புரியும். பாராட்டினால் முகம் மலரும், அதட்டினால் தலை குனியும். முகத்தை ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோனால் பின்வாங்கும். உடனே எதிரில் இருப்பவர்களும் தங்களை அறியாமல் நகர்ந்து உட்காருவார்கள். 2000இல் ஆய்வேடு முடித்தார். மனிதரோடு பழகும் ரோபோ என்ற துறைக்குப் பெரிய வாசலைத் திறந்தவை அந்தப் புருவங்கள்தான்.

இறுதியாண்டு மாணவர், அறந்தாங்கி
கேள்வி: எங்கள் கல்லூரியில் ரோபோவே இல்லை. வாங்கப் பணமும் இல்லை. இது பணக்காரப் பிள்ளைகளின் துறையா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்து நெடுநேரம் வேறு கடிதம் எடுக்கவில்லை. ரோபோ இருக்கும் லேபில் படித்தவருக்கு முன்தூரம் உண்டு, இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தத் தூரத்தைக் குறைத்ததும் மாணவர்கள்தான்.

கீனன் வைரோபெக், எரிக் பெர்கர் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் பிஎச்.டி. மாணவர்கள். கூடப் படித்தவர்களில் ஒருவர் கணினிப் பார்வையில் கெட்டிக்காரர், ஆனால் ரோபோவை நகர்த்தத் தெரியாது. இன்னொருவர் கன்ட்ரோலில் புலி, ஆனால் சாஃப்ட்வேர் வராது. ஒவ்வொருவரும் மற்றவர் ஏற்கெனவே எழுதியதையே ஆரம்பத்திலிருந்து எழுதி ஆண்டுகளைத் தொலைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான மென்பொருள் ஒன்று வேண்டும் என்று இருவரும் தொடங்கினார்கள். 2007இல் வில்லோ கராஜ் என்ற நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. அதுதான் ராஸ். இன்று உலகின் பெரும்பாலான ரோபோ லேபுகளில் ஓடுவது, காசு இல்லாமல் கிடைப்பது. அதே நிறுவனம் 2010இல் 11 ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பிஆர்2 ரோபோக்களைக் கொடுத்தது. பெர்க்லியில் துண்டு மடித்ததும் ஒரு பிஆர்2தான்.

சிமுலேட்டர்களும் இலவசம்தான். முஜோகோ என்ற சிமுலேட்டருக்கு முன்பெல்லாம் பணம் கட்ட வேண்டும். டீப்மைண்ட் நிறுவனம் அதை வாங்கி 2021இல் இலவசமாக்கியது, அடுத்த ஆண்டு மூல நிரலையும் திறந்துவிட்டது. லிஞ்ச், பார்க் இருவரும் எழுதிய ‘மாடர்ன் ரோபோடிக்ஸ்’ பாடநூல் இணையத்தில் இலவசம். எம்ஐடியின் ரஸ் டெட்ரேக் நடத்தும் பாடங்களின் குறிப்புகளும் அப்படியே. என்பிடெல் இருக்கவே இருக்கிறது. ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, இரண்டு மூட்டுள்ள கையை சிமுலேட்டரில் நேராக நிறுத்துங்கள். பிறகு அதன் எடையை மாற்றினால் ஏன் விழுகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த ஒரு பக்கம் உங்கள் மார்க் ஷீட்டைவிடக் கனமாக இருக்கும்.

உதவிப் பேராசிரியை, திருச்சி
கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வகுப்பு, ஆராய்ச்சி, கைக்குழந்தை. மூச்சு முட்டுகிறது.

பதில்: ராதிகா நாக்பால் அமிர்தசரஸில் வளர்ந்தவர். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தபோது 2013இல் ஒரு கட்டுரை எழுதினார். நிரந்தர வேலைக்கான அந்த ஏழு ஆண்டுகளையும் பரீட்சைக் காலமாகப் பார்க்க மறுத்து, நீண்டதொரு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) என்றே வைத்துக்கொண்டாராம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை, வருஷத்துக்கு இத்தனை பயணம்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டார். நல்ல வார்த்தை சொல்லி வந்த மின்னஞ்சல்களைத் தனியாகச் சேர்த்துவைத்து, மனசு சோர்ந்த நாளில் எடுத்துப் படித்தார்.

இப்படி இருந்தால் ஆராய்ச்சி நடக்குமா என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 2014இல் அவருடைய குழு, அதிரும் மூன்று கால்களில் நகரும் 1,024 குட்டி ரோபோக்களை, யாரும் மேலிருந்து இயக்காமல், பக்கத்தில் நிற்பவரோடு மட்டும் பேசவைத்து நட்சத்திர வடிவத்தில் நிற்கவைத்தது. ஒரு வடிவம் முடிய ஏறக்குறைய 12 மணி நேரம். முன்னின்று செய்தவர் அவரிடம் போஸ்ட்டாக்காக இருந்த மைக்கேல் ரூபன்ஸ்டைன்.

தொழிற்சங்கத் தோழர், தூத்துக்குடி
கேள்வி: ரோபோ வந்தால் தொழிலாளி வேலை போகும். படித்த பிள்ளைகள் இதில் மூளையைச் செலவழிப்பது நியாயமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அதைக் கைவிடாதீர்கள். கூடவே எந்த வேலையை முதலில் ரோபோவிடம் கொடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மனிதனை மலக்குழியில் இறக்குவதை 2013 சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனாலும் இறங்குகிறார்கள், விஷவாயு தாக்கிச் சாகிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது.

ஐஐடி மெட்ராஸில் பிரபு ராஜகோபால் என்ற மெக்கானிக்கல் பேராசிரியரிடம் ஒரு முதுநிலை மாணவர் இறுதியாண்டு வேலையாக எடுத்துக்கொண்டது இந்தக் குழியைத்தான். செப்டிக் டேங்கின் வாய் குறுகல், அடியில் கழிவு கல்லாக இறுகிக் கிடக்கும். பம்பு அதை உறிஞ்சாது, அதனால்தான் ஆளை இறக்குகிறார்கள். இவர்கள் செய்த ஹோமோசெப் இயந்திரத்தில் தண்டோடு மடங்கியிருக்கும் பிளேடுகள் வாய் வழியாக உள்ளே போய், குடைபோல விரிந்து சுழலும். இறுகியது கரைந்து குழம்பாகும், பிறகு உறிஞ்சிவிடலாம். கேரளத்தில் கல்லூரி முடித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபாடிக்ஸ் நிறுவனத்தின் பேண்டிகூட், 2018 முதல் மேன்ஹோலில் இறங்குகிறது. அதை இயக்க, முன்பு தாங்களே குழியில் இறங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இயந்திரம் இருந்தும் வாங்காத நகராட்சி, வாங்கியும் வெளியே எடுக்காத ஒப்பந்தக்காரர்: உங்கள் சங்கத்தின் குரல் அங்கே வேண்டும் தோழர்.

எம்.டெக். மாணவி, வேலூர்
கேள்வி: வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். ஒருவரும் பதில் போடவில்லை. ‘எனக்கு ரோபோடிக்ஸ், ஏஐ, மெஷின் லேர்னிங்கில் தீராத ஆர்வம்’ என்று தெளிவாகத்தானே எழுதுகிறேன்?

பதில்: அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதுதான் சிக்கல். ஆர்எஸ்எஸ் என்ற ரோபோடிக்ஸ் மாநாட்டோடு சேர்த்து ஒவ்வொரு ஆண்டும் ‘பயனியர்ஸ்’ என்று சுமார் 30 இளம் ஆராய்ச்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிஎச்.டி. முடிக்கப்போகிறவர்கள், போஸ்ட்டாக்கில் இருப்பவர்கள். அவர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். அதில் துறையின் பெயர் முக்கியமாக இருக்காது. தீர்க்க முயலும் ஒரு சங்கடம் இருக்கும். பக்கவாதம் வந்தவர் கையைத் தூக்கும்போது இயந்திரம் எவ்வளவு உதவலாம், எங்கே விலக வேண்டும்? வழுக்குகிற மண்ணில் காலை ஊன்றுவதற்கு முன்னால் வழுக்கும் என்று தெரிந்துகொள்ள முடியுமா? இப்படி.

நீங்களும் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பக்கத்தில் வேலை செய்யும் ஐந்து லேபுகளைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றின் ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள், முடிந்தால் அதன் நிரலை ஓட்டிப் பாருங்கள். எங்கே உடைகிறது என்று தெரிந்தால் மின்னஞ்சலின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி மார்க், ரேங்க், சான்றிதழ் என்று போகும் பத்தி வேண்டாம். மொத்தம் ஏழெட்டு வரி, நீங்கள் செய்த ஒரு வேலைக்கான இணைப்பு, போதும். பேராசிரியருக்கு அனுப்புவதற்கு முன் அந்த லேபின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு எழுதி, புதிய ஆள் எடுக்கிறார்களா, அங்கே வாழ்க்கை எப்படி என்று கேளுங்கள். மாணவர்கள் பதில் போடுவார்கள். பேராசிரியரிடமிருந்து மூன்று வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த லேபின் கட்டுரையைத் திறங்கள்.